முதல் மணியும் கடைசி மணியும்

ஜவ்வாது மலை என்றதும் உங்களில் பலருக்குக் காவலூர் வானாய்வகம் நினைவுக்கு வரும். 1977ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. அதைப் பதிவு செய்யக் காத்திருந்த காவலூர் வானியலார், கோள் வந்து மறைப்பதற்கு முன்னரே விண்மீனின் ஒளி சில விநாடிகள் சட்டெனக் குறைந்து மீண்டதைக் கண்டனர். யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கு அன்று கிடைத்த சான்றுகளுள் அதுவும் ஒன்று. ஒளியை இடைவிடாது அளந்துகொண்டிருந்ததால்தான் அந்தச் சிறு பள்ளம் அகப்பட்டது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்திருந்தால் தப்பிப் போயிருக்கும்.

இப்படி நெருக்கமாக அளந்தால் மட்டுமே தெரியக்கூடிய வேறொரு துடிப்பு உண்டு. அது உங்கள் தலைக்குள் இருக்கிறது. உங்கள் உயரம், குரல், முகத்துப் பரு, மாதவிலக்கு, மீசை ஆகிய அனைத்தும் அந்தத் துடிப்பின் விளைவுகளே. காவலூர்த் தொலைநோக்கியைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் இந்தத் துடிப்பின் பொருளைத் தவறாகப் புரிந்துகொள்வதால், உங்கள் வயதுப் பெண்கள் சிலரின் படிப்பு நின்றுபோகிறது. சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து நேர்கிறது.

கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டின் எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் வளரிளம் பருவத்தைப் பற்றி ஒரு பாடமே உண்டு. பத்தாம் வகுப்பிலும் இனப்பெருக்கம் பற்றிய பாடம் உண்டு. ஆனால் பல பள்ளிகளில் அந்தப் பக்கங்கள் வரும்போது, "இதை நீங்களே வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தோடு பாடம் முடிந்துவிடுகிறது. வீட்டிலோ இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. உயிரியல் ஆசிரியர் தாண்டிச் செல்லும் பக்கத்தை இயற்பியல்காரன் படித்துக் காட்டினால் குற்றமில்லை அல்லவா?

மூளைக்குள் ஒரு மணி

மூளையின் அடிப்பகுதியில், ஏறத்தாழ ஒரு பாதாம் பருப்பின் அளவில் ஹைபோதலாமஸ் என்ற பகுதி உள்ளது. பசி, தாகம், உடல் வெப்பம் போன்றவற்றைக் கண்காணிப்பது இதுவே. அங்குள்ள ஓரிரு ஆயிரம் நரம்புச் செல்கள் மட்டும் ஒரு தனி வேலையைச் செய்கின்றன. பத்தே பத்து அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு ஹார்மோனை அவை சுரக்கின்றன. இதை விடுவிப்பு ஹார்மோன் என்று அழைப்போம். இது கீழேயுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடைந்து, வேறு இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுவிக்கிறது. அவை பெண்ணின் அண்டகத்தையும் ஆணின் விந்தகத்தையும் விழிப்படையச் செய்கின்றன. இந்த விடுவிப்பு ஹார்மோனைக் கண்டறிய ஷாலி, கில்லமின் ஆகிய இரு விஞ்ஞானிகளும் தனித்தனியே, ஒருவரோடொருவர் போட்டியிட்டு, இலட்சக்கணக்கான பன்றிகளின், ஆடுகளின் மூளைப் பகுதிகளை அரைத்து வடிகட்டினர். அத்தனையிலிருந்தும் கிடைத்தது மில்லிகிராம் கணக்கிலான பொருள்தான். 1971இல் அதன் அமைப்பு தெரிந்தது. 1977இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் சுவையான செய்தி இனிமேல்தான் வருகிறது. அமெரிக்காவில் எர்னஸ்ட் நோபில் என்பவரின் குழுவினர் குரங்குகளின் இரத்தத்தைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை எடுத்து அளந்தனர். 1970இல் வெளியான அவர்களது ஆய்வில், பிட்யூட்டரி ஹார்மோனின் அளவு சீராக இல்லாமல் ஏறத்தாழ மணிக்கு ஒரு முறை எழுந்து எழுந்து தணிவது தெரிந்தது. நாளுக்கு ஒரு முறை மட்டும் அளந்தவர்களுக்கு இது தெரிய வழியில்லை. காவலூர்க் கதைதான் இங்கேயும்!

துடிப்பாக வருவது தற்செயலா, தேவையா? 1978இல் அதே குழு இதற்கு விடை கண்டது. மூளையில் இந்த ஹார்மோனைச் சுரக்கும் திறனை இழந்த குரங்குகளுக்கு அதை வெளியிலிருந்து செலுத்தினர். இடைவிடாமல் செலுத்தியபோது பிட்யூட்டரி சுரப்பி உறங்கிப் போயிற்று. மணிக்கு ஒரு முறை, ஆறு நிமிடம் மட்டும் செலுத்தியபோது அது முறையாக வேலை செய்தது. ஹார்மோன் அதேதான், அதை வழங்கும் தாளம்தான் வேறு. கதவை விட்டுவிட்டுத் தட்டினால் வீட்டார் வந்து திறப்பார்கள். ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவார்கள். பிட்யூட்டரியின் செல்களும் அப்படித்தான். தொடர்ந்து ஹார்மோன் பட்டால் தம் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

1980இல் இன்னும் வியப்பான சோதனை ஒன்று நடந்தது. பருவமடையாத குட்டிப் பெண் குரங்குகளுக்கு இதே ஹார்மோனை மணிக்கு ஒரு முறை துடிப்பாகக் கொடுத்தனர். சில வாரங்களில் அவை பருவமடைந்தன. மாதச் சுழற்சியும் தொடங்கிற்று. கொடுப்பதை நிறுத்தியதும் அவை மீண்டும் குட்டிகளின் நிலைக்கே திரும்பிவிட்டன! அண்டகமும் பிட்யூட்டரியும் எப்போதோ தயாராக இருந்தன என்பதும், மூளையின் மணி ஓசைக்காகவே அவை காத்திருந்தன என்பதும் இதனால் விளங்கிற்று.

மனிதக் குழந்தையிடம் இந்த மணி பிறந்த முதல் சில மாதங்கள் அடிக்கிறது. பிறகு யாரோ அதைக் கையால் பிடித்துக்கொண்டது போல ஓய்கிறது. 8 வயதிலிருந்து 14 வயதுக்குள் பிடி மெல்லத் தளர்கிறது. முதலில் இரவு உறக்கத்தில் மட்டும் அடிக்கிறது. நாளடைவில் பகலிலும் கேட்கத் தொடங்குகிறது. நீங்கள் ஆழ்ந்து உறங்கும்போதுதான் உங்கள் இளமைப் பருவம் தொடங்கியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பிடியைத் தளர்த்துவது எது? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. 2003இல் கிஸ்பெப்டின் என்ற பொருளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு எனத் தெரியவந்தது. இதன் மரபணுவை 1996இல் அமெரிக்காவின் ஹெர்ஷி என்ற ஊரில் கண்டுபிடித்தார்கள். அவ்வூரில் செய்யப்படும் 'கிஸ்' என்னும் சாக்லேட்டின் பெயரையே மரபணுவுக்கு வைத்துவிட்டார்கள். விஞ்ஞானிகளுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு. உணவுக்கும் இதில் பங்குண்டு. உடலில் போதிய கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்பதை மூளை கணக்குப் பார்க்கிறது. வட ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெண்கள் ஏறத்தாழ 16, 17 வயதில் பூப்பெய்தினர். உணவும் உடல்நலமும் மேம்பட்டதும் அது 13க்கு இறங்கிவிட்டது. ஆகவே உங்கள் வகுப்பில் ஒருத்தி 10 வயதிலும் மற்றொருத்தி 15 வயதிலும் பூப்பெய்தினால் இருவரிடமும் குறை ஏதும் இல்லை. 8 வயதுக்கு முன்பே தொடங்கினாலும், 15 வயது முடிந்தும் மாதவிலக்கு வராவிட்டாலும் மட்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சமைந்தாள் என்ற சொல்

தமிழில் ஒரு பெண் பூப்பெய்தியதைச் சொல்லப் பல சொற்கள் உண்டு. வயதுக்கு வந்தாள், பெரியவளானாள், ஆளானாள், சமைந்தாள். எல்லாமே முடிந்துவிட்ட ஒரு செயலைக் குறிப்பவை. சமைதல் என்றால் ஆயத்தமாதல், பக்குவமாதல். அடுப்பிலிருந்து இறக்கிவிடலாம், பரிமாறலாம் என்பது போன்ற பொருள்! மொழியில் உள்ள இந்தக் கருத்து உடலைப் பொறுத்தவரை உண்மையா?

பள்ளியில் காலையில் முதல் மணி அடிக்கிறது. மாலையில் கடைசி மணி அடிக்கிறது. இரண்டின் ஓசையும் ஒன்றுதான். முதல் மணியைக் கேட்டுவிட்டு ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினால் என்ன சொல்வோம்? பூப்பெய்துதலைப் பற்றி நாம் செய்துவரும் பிழை இதுவே.

பெண்ணின் உயரம் மிக வேகமாகக் கூடுவது முதல் மாதவிலக்குக்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னர். அதன்பின் வேகம் குறைந்து இன்னும் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை வளர்வாள். ஆனால் எல்லா எலும்புகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பிறக்கும் குழந்தையின் தலை கடந்து வரவேண்டிய இடுப்பெலும்பு வளையம் மிகப் பின்தங்கியே வளர்கிறது. 1982இல் மோர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒரே பெண்களை ஆண்டுதோறும் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்களை ஒப்பிட்டு இதை வெளியிட்டார். உயரத்தின் வளர்ச்சி ஏறக்குறைய முடியும் நிலையிலும் அந்தப் பாதை விரிவடைந்துகொண்டே இருக்கிறது. உயரத்தைப் பார்த்து "நன்றாக வளர்ந்துவிட்டாளே" என்று பாட்டி சொல்வது, கட்டடத்தின் முகப்பைப் பார்த்து உள் அறைகளும் முடிந்துவிட்டன என்று சொல்வதைப் போன்றது.

மாதச் சுழற்சியும் அப்படியே. தொடக்க ஆண்டுகளில் பல சுழற்சிகளில் முட்டையே வெளிவருவதில்லை. மூளை, பிட்யூட்டரி, அண்டகம் ஆகிய மூன்றும் தமக்குள் தாளம் சேர்ந்துகொள்ள ஓரிரு ஆண்டுகள் ஆகின்றன. 28 நாள் என்று புத்தகத்தில் இருப்பது சராசரி. தொடக்கத்தில் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். எந்தச் சுழற்சியில் முட்டை வெளிவரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் கருவுறுதல் முதல் ஆண்டிலேயே கூட நிகழக்கூடும். உடல் கருவுற முடியும் என்பதும், பத்து மாதம் சுமந்து பாதுகாப்பாகப் பெற்றெடுக்க முடியும் என்பதும் வெவ்வேறு செய்திகள். 20 முதல் 24 வயதுத் தாய்மாரை விட வளரிளம் பருவத் தாய்மாருக்குப் பேறுகால வலிப்பும், பேற்றுக்குப் பின் வரும் தொற்றுகளும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளின் எடையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது.

மலையில் நடப்பது

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு வாழும் மக்களுள் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்தவரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழே. சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிறார்கள். புளி, தேன், கடுக்காய் சேகரிக்கிறார்கள். வானம் பொய்த்த ஆண்டுகளில் காப்பித் தோட்டங்களுக்கும், கட்டட வேலைக்கும் குடும்பம் குடும்பமாக வெளியூர் போகிறார்கள். பூப்பெய்திய பெண்ணை வீட்டில் தனியே விட்டுப் போக அச்சம். உடன் அழைத்துச் சென்றாலோ பள்ளி நின்றுவிடும். அரசின் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையில் உள்ளன. ஆனால் மேல்வகுப்புக்குப் போகும்போது தொலைவு கூடுகிறது. எனவே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து முடித்துவிடுவது பாதுகாப்பு என்று பெற்றோருக்குத் தோன்றுகிறது. அவர்கள் மகளை வெறுத்து இதைச் செய்வதில்லை. முதல் மணியைக் கடைசி மணி என்று உண்மையாகவே நம்புகிறார்கள்.

இதை மலையின் குறையாக மட்டும் பார்த்துவிடக் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயது நிரம்பும் முன்பே மணமானவர்கள். நூற்றுக்குப் பதின்மூன்று பேர் என்று கொள்ளுங்கள். இந்திய அளவில் இது 23.3 விழுக்காடு. சமவெளியில் மருத்துவமனை அருகில் இருப்பதால் ஆபத்து பல நேரம் மறைந்துவிடுகிறது. மலையில் அது மறைவதில்லை. சாலை எட்டாத குக்கிராமத்திலிருந்து பேறுகால வலியோடு ஒரு பெண்ணை டோலி கட்டித் தூக்கி வரும்போது, மருத்துவர் முன் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

ஒரு மில்லிகிராம் கணக்கு

இனி இரும்பைப் பற்றிப் பார்ப்போம். கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கின்போது இழக்கும் இரத்தம் சராசரியாக 35 மில்லிலிட்டர். இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பார்ப்பதற்கு மிகுதியாகத் தோன்றக் காரணம், இரத்தத்தோடு கருப்பையின் உட்படலமும் நீரும் சேர்ந்து வருவதே. 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உள்ளது. எனவே மாதத்துக்கு இழப்பு 17.5 மில்லிகிராம்; நாளுக்குச் சுமார் 0.6 மில்லிகிராம். தோலும் குடலும் உதிர்க்கும் செல்களோடு நாள்தோறும் ஏறத்தாழ 0.8 மில்லிகிராம் போகிறது. வளரும் உடல் புதிய இரத்தத்தையும் தசையையும் ஆக்க இன்னும் சிறிது கேட்கிறது. மொத்தம் 1.8 மில்லிகிராம் என்று வையுங்கள்.

இரண்டு மில்லிகிராம்கூட இல்லையே, இதென்ன பெரிய தேவை என்று நினைக்கிறீர்களா? நமது தானிய உணவிலுள்ள இரும்பில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்குதான் குடலால் உறிஞ்சப்படுகிறது. மீதி வெளியேறிவிடுகிறது. 1.8ஐ உள்ளே சேர்க்க வேண்டுமானால் உணவில் 22 முதல் 36 மில்லிகிராம் இரும்பு இருந்தாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 32 மில்லிகிராம். நமது கணக்கு பொருந்திவிட்டது பார்த்தீர்களா? வளர்ந்த ஆணுக்கு 19 போதும். ஆனால் நம் வீடுகளில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள்? குழம்பில் மிஞ்சிய கீரையும் பயறும் யாருக்குக் கிடைக்கின்றன? உடலுக்கு அதிக இரும்பு வேண்டியவளுக்கே குறைவாகக் கிடைக்கிறது. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை உள்ளது. அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும் குறைவு.

பாடம் படிக்கும்போது கண் சொருகுவதும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் சோம்பல் என்று திட்டு வாங்கித் தருகின்றன. பெரும்பாலும் அது ஆக்சிஜன் பற்றாக்குறை. இதே பெண் 16 வயதில் கருவுற்றால், தானே வளர்ந்து முடியாத உடல், இரும்பில்லாத இரத்தம், வளரும் சிசு ஆகிய மூன்றும் ஒரே தட்டிலிருந்து உண்ண வேண்டும். பிரசவத்தில் அரை லிட்டர் இரத்தம் போனால் நல்ல உடல்நலமுள்ள பெண் தாங்கிக்கொள்வாள். இவளுக்கு அந்தக் கையிருப்பு இல்லை.

பள்ளியில் வாரம் ஒரு நாள் நீல நிற மாத்திரை தருகிறார்களே, அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. பத்தில் ஒரு பங்கு உறிஞ்சப்பட்டாலும் வாரத்துக்கு 6 மில்லிகிராம். நாளொன்றுக்கு 0.85. மாதவிலக்கின் இழப்பை ஈடு செய்ய அதுவே போதும். மாத்திரை தின்றால் மலம் கறுத்துப் போகிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று பலர் அதைச் சன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். மலம் கறுப்பது உறிஞ்சப்படாத இரும்பின் நிறம். அதனால் கேடு இல்லை. சாப்பிட்ட பிறகு விழுங்கினால் புரட்டல் குறையும். உடனே தேநீர் குடிக்காதீர்கள். தேநீரிலுள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாறாக ஒரு நெல்லிக்காயைக் கடித்தால் வைட்டமின் சி இரும்பை உள்ளே அனுப்பி வைக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தரும் அல்பெண்டசோல் மாத்திரையும் முக்கியம். வெறுங்காலோடு நடப்பவரின் தோல் வழியே நுழையும் கொக்கிப்புழு குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கும்.

தீட்டு என்பது என்ன?

மாதந்தோறும் கருப்பை தன் உட்சுவரில், கருவை வரவேற்க மென்மையான ஒரு படலத்தை அமைக்கிறது. கரு வரவில்லையெனில் அப்படலம் உதிர்ந்து வெளியேறுகிறது. மறு மாதம் புதிதாக விரிக்கிறது. இதில் நஞ்சோ அழுக்கோ எங்கே இருக்கிறது? கையில் முள் குத்தினால் வரும் இரத்தமும் இதுவும் ஒன்றே.

தொட்டால் துளசி பட்டுப்போகும், ஊறுகாய் பூசணம் பிடிக்கும் என்பது நம் கிராமத்து நம்பிக்கை மட்டுமல்ல. தொண்டை அடைப்பான் நோய்க்கு ஒரு சோதனையைக் கண்டுபிடித்த பேலா ஷிக் என்ற பெயர்பெற்ற மருத்துவரே, மாதவிலக்கான பெண்ணின் தோலில் பூக்களை வாடச் செய்யும் நஞ்சு இருப்பதாக 1920இல் வியன்னாவில் எழுதினார். அதற்கு மெனோடாக்சின் என்று பெயரும் வைத்தாயிற்று. கட்டுப்பாடான சோதனைகளில் அந்த நஞ்சு அகப்படவே இல்லை. வீட்டில் இதைச் சோதிப்பது எளிது. ஒரே மாதிரியான இரண்டு துளசிச் செடிகள் போதும். எதை யார் தொட்டார் என்பது, பின்னர் செடிகளைப் பார்த்து வாடியதா எனக் குறித்து வைப்பவருக்குத் தெரியக் கூடாது. அதுதான் சோதனையின் உயிர்.

இந்த நம்பிக்கை வெறும் நம்பிக்கையாக நின்றுவிட்டால் கவலை இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவு, தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பூப்பெய்திய சிறுமி ஒருத்தியை வழக்கப்படி வீட்டை ஒட்டிய தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்தனர். தென்னை மரம் ஒன்று அந்தக் குடிசை மேல் விழுந்தது. அவள் இறந்துபோனாள். வீடு சில அடித் தொலைவில்தான் இருந்தது.

துணி பயன்படுத்துவோர் அதை மறைவாக, இருட்டில், பாவாடைக்கு அடியில் உலர்த்துகிறார்கள். ஈரம் காயாத துணியில் நுண்ணுயிர்கள் பெருகும். நல்ல வெயிலில் காய வைத்தால் வெப்பமும் புற ஊதாக் கதிரும் அவற்றைக் கொல்லும். சூரியன் இலவசமாகத் தரும் மருந்தை வெட்கம் காரணமாக நாம் வாங்க மறுக்கிறோம். தமிழ்நாடு அரசு 2012இல் புதுயுகம் என்ற திட்டத்தில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் வழங்கத் தொடங்கியது. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் குறைந்த விலையில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஊரே சிரித்தபோதும் தாமே அணிந்து சோதித்துப் பார்த்தவர் அவர்.

மாணவர்களுக்குத் தனியாக

பையன்களே, நீங்கள் இந்தப் பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் தலைக்குள்ளும் அதே மணிதான். குரல் உடைவதை எடுத்துக்கொள்வோம். சுரமானியில் கம்பி நீண்டால், தடித்தால் அதிர்வெண் குறையும் என்று மேல்வகுப்பில் படிப்பீர்கள். டெஸ்டோஸ்டிரோன் உங்கள் குரல் நாண்களை நீளமாகவும் தடிப்பாகவும் ஆக்குகிறது. விநாடிக்கு 250 முறை அளவில் அதிர்ந்தவை 120 அளவுக்கு இறங்குகின்றன. கிட்டத்தட்ட ஒரு முழு ஸ்தாயி! மூளை இன்னும் பழைய கம்பிக்கே பழகியிருப்பதால் நடுவில் கீச்சிடுகிறது.

இரவில் உறக்கத்தில் விந்து வெளியேறுவது பற்றி நீங்கள் யாரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள். பேருந்து நிலையச் சுவரொட்டி மட்டும் உங்களிடம் பேசும்: ஆண்மை போய்விடும், எலும்பு உருகிவிடும், இன்ன விடுதியில் இன்ன தேதியில் வைத்தியர் வருகிறார் என்று. ஒரு சொட்டு விந்து பல சொட்டு இரத்தத்துக்குச் சமம் என்று பயமுறுத்துவார்கள். இங்கும் கணக்கே நமக்குத் துணை. ஒரு முறை வெளியேறுவது 2 முதல் 5 மில்லிலிட்டர். பெரும்பகுதி நீர். அதிலுள்ள புரதம் ஒரு தேக்கரண்டிப் பாலில் உள்ள அளவே. விந்தணுக்களோ, உங்கள் நாடி ஒரு முறை துடிக்கும் நேரத்துக்குள் ஏறத்தாழ ஆயிரம் புதிதாக உருவாகிவிடும். நிரம்பிய குடத்திலிருந்து நீர் வழிவது குடத்துக்கு நோய் ஆகுமா? அத்தகைய விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் தடை செய்கிறது. சுவரொட்டி ஒட்டுவோருக்கு இது தெரியும், படிப்போருக்குத்தான் தெரிவதில்லை.

இதையெல்லாம் கற்பித்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. 2005இல் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் நிறுத்தி வைத்தன. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை யுனெஸ்கோ தொகுத்துப் பார்த்தபோது, இத்தகைய கல்வி பாலுறவைத் தூண்டுவதாகத் தெரியவில்லை. தள்ளிப்போடுவதாகவே பல ஆய்வுகள் காட்டின. சொல்லித் தராவிட்டால் பிள்ளைகள் கற்காமல் இருக்கப் போவதுமில்லை. சுவரொட்டியும் கைப்பேசியும் கற்பித்துவிடும்.

சட்டமும் மெல்லத்தான் கற்றது. 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்று வைத்தது. சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இத்தகைய சீர்திருத்தத்துக்காக வாதாடியவர். 1949இல் அது 15 ஆயிற்று. 1978இல்தான் 18 ஆயிற்று. மோர்மனின் எக்ஸ்-கதிர்ப் படங்கள் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்!

உங்கள் தோழி ஒருத்திக்கு 18 வயதுக்கு முன் மணம் பேசுகிறார்கள் என்றால் 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசலாம். அழைத்தவர் யார் என்பதை வெளியிட மாட்டார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆசிரியரிடமோ சொல்லலாம். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, நடக்கவிருக்கும் மணத்தை நீதிமன்றம் தடுக்க முடியும். நடந்து முடிந்துவிட்டாலும், அந்தப் பெண் விரும்பினால் 20 வயது நிரம்பும் வரை நீதிமன்றம் சென்று அதை ரத்து செய்துகொள்ளலாம். இந்தக் கடைசிச் செய்தி பலருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்த யாருக்கேனும் இது பயன்படுமானால், இந்த இதழை அவரிடம் கொடுங்கள்.